தொடாமல் பேசலாம், ஓட்டிக்கொண்டே பேசலாமா?

காலை ஒன்பது மணிக்குக் கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து இறங்கிவரும் இருசக்கர வாகனங்களைக் கவனியுங்கள். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு ஒருவர் பேசியபடி வருகிறார். இன்னொருவர் தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி வண்டியைத் திருப்புகிறார். இவர்களில் பெரும்பாலோர் வீண் அரட்டைக்காகப் பேசவில்லை. முதலாளி கூப்பிடுகிறார், வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், பள்ளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். எடுக்காவிட்டால் அன்றைய பிழைப்பில் ஏதோ ஒன்று கெடும் என்ற பதற்றம் அவர்களுக்கு.

இந்தப் பதற்றத்தை அபராதச் சீட்டு மட்டும் தீர்க்காது. என்ன கைபேசி வாங்குகிறோம், அதை எப்படி அமைத்துக்கொள்கிறோம், எந்த நேரத்தில் யாரை அழைக்கிறோம் என்பதில்தான் பாதித் தீர்வு இருக்கிறது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

சட்டம் சொல்வதும் நாம் புரிந்துகொண்டதும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில், ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுதல் என்பதற்குள் கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டன. கைபேசியில் பேசியபடி ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாய், மீண்டும் சிக்கினால் 10,000 ரூபாய்.

அதே 2022-இல் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 3,395 பேர் இறந்ததற்குக் காரணம் ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்தியது என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. உண்மைக் கணக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். விபத்துக்குப் பிறகு, ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்று யார் காவல் நிலையத்தில் ஒப்புக்கொள்வார்கள்?

சட்டம் ‘கையடக்க’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதால், கையில் பிடித்தால்தான் குற்றம், காதில் மாட்டிக்கொண்டால் குற்றமில்லை என்று பலர் முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவிகள் பாதுகாப்புச் சாதனங்கள் என்ற பெயரில் விற்கின்றன. இந்த நம்பிக்கை தவறு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குள்ளாகி மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பேசிக்கொண்டே ஓட்டினால் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடுகிறது என்றது அது. கையில் பிடித்துப் பேசினாலும் சரி, கை படாமல் பேசினாலும் சரி, மடங்கு பெரிதாக மாறவில்லை. கை படாமல் பேசுவது பெரிய அளவில் பாதுகாப்பானதல்ல என்பதையே உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவருகிறது.

காரணம் எளிது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர், குறுக்கே லாரி வந்தால் தானே பேச்சை நிறுத்துவார், ‘பாத்து’ என்பார். கைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. விலைப்பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குப் பதிலை யோசிக்கும் மூளை, எதிரே வருவதைப் பார்த்தும் பார்க்காமல் விடுகிறது.

அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டது இன்னும் கவலை தருவது. வாய்மொழிக் கட்டளையால் எண்ணைச் சுழற்றிவிட்டு வேலையை முடித்த பின்னும், கவனச் சிதறல் 27 விநாடி வரை நீடிக்கக்கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 27 விநாடியில் 300 மீட்டர் கடந்துவிடுவார். ஜி.எஸ்.டி. சாலையில் 300 மீட்டருக்குள் எத்தனை பேருந்து நிற்கும், எத்தனை பேர் குறுக்கே ஓடுவார்கள் என்பதை அந்தச் சாலையில் தினமும் போகிறவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் இந்த வசதி யாருக்கு?

வண்டியில் போகிறவரைவிட, நின்ற இடத்தில் இரு கையாலும் வேலை செய்கிறவருக்குத்தான் இது அதிகம் தேவை. 1950-களில் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் இன்றும் சிறு பட்டறைகள் ஏராளம். சரக்கு எண்ணும் கிடங்குப் பொறுப்பாளர், கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் மெக்கானிக், ஏணியிலிருந்து இறங்கிய எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கை படாமல் பேசும் வசதி வேலையில் பாதி. இயந்திரம் ஓடும்போது மட்டும் அங்கேயும் பேச்சு கூடாது. கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவருக்கும் கத்திப்பாராவில் வண்டி ஓட்டுபவருக்கும் பொருந்துவது ஒரே விதிதான்.

வீட்டில் இன்னும் அதிகம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு வருகிற பெரியவர்களின் கையில் இருக்கும் கைபேசிகளைப் பாருங்கள். பெரும்பாலும் மகனோ மகளோ பயன்படுத்திவிட்டுத் தந்தவை. அழைப்பு வந்ததும் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். விரல் நடுங்கும், தோல் உலர்ந்திருக்கும், திரை அந்தத் தொடுதலை உணராது. இரண்டாவது முறை தள்ளுவதற்குள் அழைப்பு நின்றுவிடும். மறுமுனையில் மகள் பயந்துபோய் மீண்டும் அழைப்பாள். அதையும் எடுக்க முடியாமல் பெரியவர் தன்மீதே எரிச்சல்படுவார்.

இந்த அவதியைப் பல கைபேசிகளில் ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம். ஐபோனிலும் வேறு சில கைபேசிகளிலும் சில விநாடி ஒலித்த பின் அழைப்பைத் தானாக ஏற்கும் வசதி, அமைப்புகளுக்குள் புதைந்து கிடக்கிறது. அழைப்பவரின் பெயரை உரக்கச் சொல்லும் வசதியும் உண்டு. தொடுதிரையே ஒத்துவராதவர்களுக்கு, பெரிய எழுத்தும் உரத்த ஸ்பீக்கரும் உள்ள பட்டன் கைபேசி இன்றும் மிகச் சிறந்த தேர்வு. அதை வாங்கித் தருவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

பார்வைத்திறனும் செவித்திறனும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு தக்க செயலியுடன் கூடிய திறன்பேசி வழங்குகிறது. நல்ல திட்டம். தருவதோடு நிற்காமல், அவரவர் குரலுக்கும் காதுக்கும் ஏற்ப அமைத்துத் தருவதையும் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும்.

கடையில் சோதிக்க வேண்டியது

கடைக்குப் போனால் கேமரா எத்தனை மெகாபிக்சல், நினைவகம் எத்தனை ஜிபி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எவ்வளவு தெளிவாகப் பேச முடியும் என்று நாமும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

உங்கள் சிம்மைப் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைக்கு உள்ளே வேண்டாம். வாசலுக்கு வந்து, பேருந்து போகும் சத்தத்தில் நின்று வீட்டுக்கு அழையுங்கள். ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை ஒரு கை தூரத்தில் வைத்துப் பேசுங்கள். ‘கேக்குதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; ஒரு முகவரியையோ பத்து இலக்க எண்ணையோ சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பில்லாமல் சொன்னால் அந்தக் கைபேசியின் ஒலிவாங்கி நல்லது. தொழிற்பேட்டை வாசலிலோ ரயில் நிலையப் படியிலோ உங்களுக்கு நாளெல்லாம் உதவப்போவது இந்தத் தகுதிதான்.

சுற்றுப்புறச் சத்தத்தை வடிகட்ட, பெரும்பாலான கைபேசிகளில் மேல் விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு இரண்டாவது ஒலிவாங்கித் துளை இருக்கும். நூறு ரூபாய் உறை அதை மூடிவிடுவது உண்டு. திரை பாதுகாப்புக் கண்ணாடி, காதருகே உள்ள வலையின் பாதியை மறைத்துவிடும். மீதியில் பவுடரும் தூசியும் அடைத்துக்கொள்ளும். ‘போன் கெட்டுப்போச்சு, குரலே கேட்கல’ என்று வருகிற பலருக்கு உறையைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் வலையைத் துடைத்தாலே சரியாகிவிடும். புதுக் கைபேசி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

தகரக் கூரைப் பட்டறையிலும் கண்ணாடிச் சுவர் அலுவலகத்திலும் சிக்னல் அறுந்து அறுந்து வரும். வைஃபை வழியாக அழைக்கும் வசதி உள்ள கைபேசியா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். இயர்போனுக்கு வட்டத் துளை இருக்கிறதா என்பதும் முக்கியம். புளூடூத் இயர்போன் மாலை நான்கு மணிக்குச் சார்ஜ் இறங்கி ஓய்ந்துவிடும். வயர் இயர்போனுக்கு அந்தக் கவலை இல்லை.

வழி பார்க்க ஹேண்டில்பாரில் கைபேசியைப் பொருத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் பிடிமானம் வாங்குங்கள். புறப்படும் முன்பே இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு ஓட்டுங்கள்.

இனி, தமிழ். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. ஆனாலும், ‘மணி அண்ணனுக்கு போன் போடு’ என்றால் கைபேசி திணறுவதைப் பார்க்கிறோம். குறை முழுவதும் கருவியுடையதல்ல. ‘ஏசி மெக் கிண்டி நியூ 2’ என்று பெயரைப் பதிந்து வைத்திருந்தால் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் வாயால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே பெயரைப் பதியுங்கள். அடிக்கடி அழைக்கும் பத்துப் பேருக்காவது இதைச் செய்யுங்கள். கடையில் நிற்கும்போதே அந்தப் பத்துப் பெயரையும் சொல்லிப் பாருங்கள். கிண்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உலகச் சந்தைக்கே கைபேசிகள் தயாராகின்றன. அவை நம் பேச்சுத் தமிழைப் பிசிறில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாதி அழைப்புகள் தேவையே இல்லை

2003 மே மாதத்துக்கு முன்பு, வருகிற அழைப்புக்கும் நாம் காசு கொடுத்தோம். அதனால் சுருக்கமாகப் பேசினோம், தேவைக்குத்தான் அழைத்தோம். அந்தக் கட்டணம் போனது நல்லதே. ஆனால் கட்டணத்தோடு சேர்ந்து, ‘இவர் இப்போது எங்கே இருப்பார், பேசும் நிலையில் இருப்பாரா?’ என்ற யோசனையும் நம்மிடமிருந்து போய்விட்டது.

வண்டியில் போகிறவருக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் எவை? ‘எங்க இருக்கீங்க?’ ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ ‘எந்தப் பக்கம் திரும்பணும்?’ இந்த மூன்றுக்கும் பேச்சே தேவையில்லை. புறப்படும் முன் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிட்டால், காத்திருப்பவர் தானே பார்த்துக்கொள்வார்.

ஐபோனில் ஓட்டும்போது அழைப்புகளை நிறுத்தி வைக்கும் வசதி 2017 முதல் இருக்கிறது. செய்தி அனுப்புகிறவர்களுக்கு, ‘வண்டியில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று தானே பதில் அனுப்பும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘தொந்தரவு செய்யாதே’ என்ற அமைப்பில், குறிப்பிட்ட சிலரை மட்டும் விதிவிலக்காக வைக்கலாம். ஒரே எண்ணிலிருந்து சிறிது நேரத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மட்டும் ஒலிக்கும்படியும் வைக்கலாம். இதை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். ‘அவசரம் என்றால் இரண்டு தடவை அடி’ என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டால், அவசரமானது எது, பிறகு பேசக்கூடியது எது என்று கைபேசியே பிரித்துவிடும். அந்த இரண்டாவது அழைப்புக்கும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்.

அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்குப் பத்துச் செயலிகள் வேண்டாம். கைபேசியோடு வரும் காலண்டரும் அலாரமும் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், மாதத் தவணை, அம்மாவின் மருந்து வாங்கும் நாள், பிள்ளையின் தேர்வு அட்டவணை ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் ஒரே காலண்டரில் பகிர்ந்து வைத்தால், ‘மறந்துட்டியா?’ என்று பாதி வழியில் வரும் அழைப்பு குறையும்.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்ல வேண்டும். சில கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. நினைவூட்டல் வராமலே போகும். மாத்திரை நேரம் தவறும். வாங்கிய அன்றே ஒரு நினைவூட்டலை வைத்து, திரையை அணைத்து, இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். ஒலிக்கவில்லை என்றால் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். முதியவர்களின் மருந்து நேரத்தைக் கைபேசியை நம்பி விடுகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

ரயில் பாதையில் இரண்டு காதும்

கடற்கரை – தாம்பரம் வழித்தடத்தில் கிண்டி மிக நெரிசலான நிலையங்களில் ஒன்று. இரண்டு காதிலும் இயர்போனை அடைத்துக்கொண்டு நடைமேடை விளிம்பில் நடப்பதையும், படியேறச் சோம்பித் தண்டவாளத்தைக் கடப்பதையும் இன்னும் நிறுத்த முடியவில்லை. மின்சார ரயில் அருகில் வரும்வரை அதிகச் சத்தம் எழுப்பாது. தண்டவாளத்தை அத்துமீறிக் கடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சாலையிலும் நிலையத்திலும் நடக்கும்போது ஒரு காதை வெறுமையாக விடுங்கள்; சத்தத்தை வெளியே நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

யார் என்ன செய்யலாம்?

அழைக்கிறவரிடமிருந்து தொடங்கலாம். ‘வண்டில இருக்கீங்களா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். எடுத்தவர் பேச விரும்பினாலும் நீங்கள் பேசாதீர்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, சட்டமும் வேண்டாம்.

தொழிற்பேட்டை நிறுவனங்களும் கிண்டியைச் சுற்றியுள்ள தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும், வெளியே அனுப்பப்பட்ட ஊழியர் பயணத்தில் இருக்கும்போது அழைப்பதில்லை என்பதை எழுதப்பட்ட விதியாக்க வேண்டும். அழைப்பை எடுக்காததற்காகக் கடிந்துகொள்ளும் மேலாளரும் விபத்துக்குப் பொறுப்பாளி.

உணவும் சரக்கும் கொண்டுசேர்க்கும் இளைஞர்களின் நிலை இன்னும் கடினம். ஓடும் வண்டியில் திரை ஒளிரும். சில விநாடிக்குள் தொட்டு ஏற்க வேண்டும். தவறினால் வருமானம் போகும். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பது செயலிக்குத் தெரியும். நின்ற பிறகே அடுத்த ஆர்டரைக் காட்டும்படி அதை மாற்றுவது நிறுவனங்களால் முடியாத காரியமல்ல. இவர்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கென 2023-இல் நலவாரியம் அமைத்த தமிழக அரசு, அந்த வாரியத்தின் வழியாகவே இதை வலியுறுத்த வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறைகள் அமைத்தது பாராட்டுக்குரியது. கத்திப்பாராவையொட்டி, வண்டியை ஓரம் கட்டி இரண்டு நிமிடம் நின்று பேச, குறியிட்ட இடங்களையும் ஒதுக்கித் தர வேண்டும்.

போக்குவரத்துக் காவல்துறை, இயர்போனிலும் புளூடூத்திலும் பேசுவது பற்றி எளிய தமிழில் தெளிவான அறிவிப்பை வெளியிட வேண்டும். சட்டம் ‘கையடக்க’ என்பதோடு நிற்பதால் உண்டாகும் குழப்பத்தை மத்திய அரசு திருத்தத்தால் நீக்க வேண்டும். கைபேசிப் பெட்டியின் மேல், ஸ்பீக்கரின் ஒலியளவும் சத்தத்தில் குரல் கேட்கும் தரமும் அச்சிடப்பட வேண்டும். கேமராவுக்கு எண் போட முடிந்தவர்களால் குரலுக்கும் போட முடியும்.

இன்று மாலை வீடு திரும்பியதும், கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று ஓட்டும்போதான தானியங்கிப் பதிலை இயக்கிவிடுங்கள். உங்களை அடிக்கடி அழைக்கும் பத்துப் பேரிடமும், நீங்கள் எடுக்கவில்லை என்றால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், இறங்கியதும் அழைப்பீர்கள் என்று சொல்லி வையுங்கள்.